கோட்டாறு என்னும் அங்காடி மூதூர்

ஊர்கள் புகழ்பெறும் வழி பல. சில ஊர்கள் திருக்கோயிலாற் புகழ்பெறும். சில, அரசர் வீற்றிருந்தமையாற் புகழ்பெறும். சில, கற்றோர் பிறந்தமையாலும், சில, கடற்றுறை அமைந்தமையாலும் பேர்பெறும். கொள்வோரும் கொடுப்போரும் நாள்தோறும் வந்து கூடுதலாலேயே புகழ்பெற்ற ஊர்களும் உள. அவற்றை அங்காடி ஊர்கள் எனலாம்.

அங்காடி என்பது தமிழர்க்குப் புதியதன்று. மதுரை மாநகரில் பகலில் விளங்கிய நாளங்காடியையும், இரவில் விளங்கிய அல்லங்காடியையும் மதுரைக்காஞ்சி விரித்துரைக்கின்றது. காவிரிப்பூம்பட்டினத்தில் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரநிழலில் நாளங்காடி இருந்ததனைச் சிலப்பதிகாரத்தாற் காண்கின்றோம். ஓர் ஊரின் வளத்தைக் கூறப் புகுந்த புலவர்கள், அரண்மனையைப் பாடுவதோடு அமையாது, கடைத்தெருவையும் பாடியிருத்தல் கருதத்தக்கது. நாட்டில் விளைவது யாது, விளையாதது யாது, மக்கள் எவற்றை விரும்பினர், எவ்வெத் தேயத்தோடு உறவு கொண்டனர் என்பவற்றையெல்லாம் கடைத்தெரு ஒன்றே காட்டிவிடும்.

தமிழகத்தின் தென்கோடியிலுள்ள கன்னியாகுமரி மாவட்டத்தில், அங்காடியையே பெயரிற் கொண்ட ஊர்கள் சில உள்ளன. திங்கட்கிழமைதோறும் சந்தை கூடிய இடம் திங்கள்சந்தை எனப்பட்டது. இன்று அது திங்கள்நகர் என வழங்குகின்றது. புதுக்கடை என்னும் ஊர் ஒன்று உண்டு. கோட்டாற்றை அடுத்துள்ள பகுதி ஒன்றுக்கு இளங்கடை என்பது பெயர். ஆயினும், பெயரில் கடையோ சந்தையோ இல்லாமலேயே இவ்வட்டாரத்தின் கடைத்தெருவாகப் பல நூற்றாண்டுகள் விளங்கிவரும் ஊர் கோட்டாறு. இது முன்பு தனித்த ஊராயிருந்து, இன்று நாகர்கோவில் மாநகரின் ஒரு பகுதியாய் அமைந்துள்ளது. இவ்வூரின் வரலாற்றையும், இதன் அங்காடி வளர்ந்த வகையினையும், இன்று இதற்கு நேர்ந்துள்ள நிலையினையும் இப்பாடத்திற் காண்போம்.

ஓர் அங்காடி எங்கே தோன்றும்? ஒரே பொருள் விளையும் இருவர்க்கிடையே வாணிகம் நிகழாது. நெல்லுடையான் நெல்லுடையானிடம் செல்வதில்லை, உப்புடையானிடமே செல்வான். ஆகவே, விளைபொருளால் வேறுபட்ட இருநிலங்கள் சந்திக்கும் இடத்திலேயே அங்காடி இயல்பாகத் தோன்றும். கோட்டாறு அத்தகைய இடம். இதனை அறிய வேண்டுமாயின், நாம் முதலில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குச் செல்லவேண்டும்.

மேற்குத் தொடர்ச்சிமலை தெற்கு நோக்கி நெடுந்தொலைவு வந்து, குமரிமுனையை நெருங்குமிடத்துத் தாழ்ந்து, சிறிது இடைவெளி விட்டு நிற்கின்றது. அவ்விடைவெளியே ஆரல்வாய்மொழிக் கணவாய். கணவாயின் கிழக்கே நெல்லைச் சீமையின் வறண்ட நிலம்; பனையும் உடையும் பருத்தியும் பயிலும் மண். மேற்கே நாஞ்சில் நாடு. குளமும் காலும் வயலும் வாழையும் தென்னையும் பயிலும் மண். ஆனி, ஆடித் திங்கள்களில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சாரலில் மழையைப் பொழிந்துவிட்டு, ஈரம் குறைந்த காற்றாய் இக்கணவாயின் வழியே கிழக்கே பாய்கின்றது. அக்காற்றின் விசையாலேயே ஆரல்வாய்மொழியிலும் அதனை அடுத்த முப்பந்தலிலும் இன்று காற்றாலைகள் அணியணியாகச் சுழன்று மின்னாற்றல் விளைக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் நாஞ்சில் நாட்டை நனைக்கும். இருமழையும் பெறும் நிலம் ஒருபுறம், ஒருமழையையே நம்பும் நிலம் மறுபுறம் என இவ்வாறு அமைந்தமையால், இந்நிலத்தார்க்கு அந்நிலத்துப் பொருளும், அந்நிலத்தார்க்கு இந்நிலத்துப் பொருளும் வேண்டியவாயின.

கிழக்கிலிருந்து மிளகாயும் மல்லியும் பருப்பும் பயறும் எள்ளும் பருத்தித்துணியும் வந்தன. மேற்கிலிருந்து தேங்காயும் பாக்கும் நல்லமிளகும் புளியும் வாழைக்குலையும் சென்றன. தெற்கிலும் மேற்கிலும் உள்ள கடற்கரை ஊர்களிலிருந்து உப்பும் மீனும் கருவாடும் வந்தன. மலையைச் சுற்றிச் செல்லாது வண்டிகள் எளிதிற் கடக்கத்தக்க வழி ஆரல்வாய்மொழி ஒன்றே. வந்த வண்டிகள் இறக்கி ஏற்றுதற்கு ஓரிடம் வேண்டுமன்றோ? கணவாயிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், நெல்லைக்கும் குமரிக்கும் திருவனந்தபுரத்துக்கும் கடற்கரைக்கும் செல்லும் வழிகள் கூடுமிடத்தில் கோட்டாறு இருந்தது. காளைகள் ஒரு பகற்பொழுதில் நடந்து சேரும் தொலைவு அது. இவ்வாறு இயற்கை வகுத்த இடத்தில் மனிதர் கடை விரித்தனர்.

ஆரல்வாய்மொழியிலிருந்து கோட்டாறு நோக்கிச் செல்வோர் முதலிற் காண்பது தோவாளை. இதுவும் ஓர் அங்காடியே. ஆனால் இங்கு விற்கப்படும் பொருள் பூ ஒன்றே. கோழி கூவுமுன் தோவாளை விழித்துவிடும். பிச்சியும் மல்லிகையும் சம்பங்கியும் அரளியும் கேந்தியும் வாடாமல்லியும் கோழிக்கொண்டையும் துளசியும் குவியல் குவியலாக வந்திறங்கும். சுற்றுப்புற ஊர்களின் பூக்களோடு, மதுரை, திண்டுக்கல், ஓசூர், பெங்களூர் முதலிய இடங்களின் பூக்களும் இங்கு வந்து சேர்கின்றன. கதிரவன் மேலேறுமுன் அவை யாவும் விலைபோய், கேரளத்தின் பல நகரங்களுக்கும் சென்றுவிடும். ஓணத்துக்கு முந்திய நாள்களில் அங்குள்ள வீட்டு முற்றங்களில் இடப்பெறும் பூக்கோலங்களுக்கு இவ்வூர்ப் பூக்கள் பெருமளவிற் செல்லும்.

தோவாளையின் கைத்திறனுக்குச் சான்றாக விளங்குவது மாணிக்கமாலை. வெள்ளரளி, செவ்வரளி ஆகியவற்றின் இதழ்களை மடித்து, நொச்சியிலையை இடையிடையே வைத்து, நாரினால் நெருங்கக் கட்டுவர். கட்டி முடித்த மாலை, மணிகளைப் பதித்த பட்டைபோல விளங்கும். திருவனந்தபுரத்துப் பத்மநாபசுவாமி கோயிலுக்கு இம்மாலை செல்வது வழக்கம். 2025-ஆம் ஆண்டில் இம்மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓர் ஊரின் மண்ணோடும் மக்களின் திறத்தோடும் பிரிக்கவியலாது இணைந்த பொருளுக்கே அக்குறியீடு வழங்கப்பெறும்.

பூ வாணிகத்தில் ஓர் அரிய பாடம் உண்டு. நெல்லை வைத்து விற்கலாம். புளியை வைத்து விற்கலாம். பூவை வைத்து விற்க இயலாது. காலையில் கனகம்போல் விலைபெற்ற பூ, பொழுது சாய்ந்தால் குப்பையாகும். மார்கழிப் பனியில் பிச்சியும் மல்லிகையும் அரும்புதல் குறைய, விலை வானுற ஏறும். வரத்து மிகும் நாள்களில் பறித்த கூலிக்கும் போதாதவாறு விலை இறங்கும். திருமண நாள்களும் திருவிழா நாள்களுமே பூவுக்கு விலை வகுப்பன. 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொள்ளைநோய் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு நேர்ந்தபோது, கோயில்கள் அடைபட்டன, திருமணங்கள் சுருங்கின, வண்டிகள் நின்றன. பூச்செடிகள் மாத்திரம் வழக்கம்போற் பூத்தன. வாங்குவோர் இல்லாமல், பூத்தது வீணாயிற்று. அங்காடி என்பது வெறுங் கடைவரிசையன்று, விளைவிப்போனுடைய உலைப்பானையே அதுதான் என்பதை அந்நாள்கள் அனைவர்க்கும் உணர்த்தின.

தோவாளையைக் கடந்து மேற்கே சென்றால் பழையாறு குறுக்கிடும். மலைச்சாரலிற் பிறந்து, நாஞ்சில் நாட்டு வயல்களை ஊட்டி, சுசீந்திரத்தின் பக்கமாய்ச் சென்று, மணக்குடியில் கடலோடு கலப்பது இவ்வாறு. இதன் கரையில் ஒழுகினசேரி உள்ளது. நகைச்சுவை நடிப்பிற் பெரும்புகழ் பெற்ற கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டிற் பிறந்த இடம் இதுவே. இங்குள்ள சோழராஜா கோயில், கோட்டாற்றின் பழம்பெருமைக்குக் கற்சான்று. அக்கோயிற் கல்வெட்டில், இறைவன் இராசேந்திர சோழீச்சுரமுடையார் என்றும், ஊர் கோட்டாறான மும்முடிச்சோழநல்லூர் என்றும் குறிக்கப்பெற்றுள்ளன. மும்முடிச்சோழன் என்பது முதலாம் இராசராசனுடைய சிறப்புப்பெயர். தஞ்சையிலிருந்து ஆண்ட வேந்தன் தன் பெயரை இத்தென்கோடி ஊருக்குச் சூட்டினான் எனின், இவ்வூரை அவன் எத்துணைப் பெரிதாக மதித்தான் என்பது புலனாகும்.

கோட்டாறு என்னும் பெயரின் பொருளையும் சிறிது நோக்குவோம். கோடு என்னுஞ் சொல்லுக்கு வளைவு, மலைமுகடு, கரை முதலாகப் பல பொருள்கள் உண்டு. கோடு, ஆறு என்னும் இருசொற்கள் புணருங்கால் டகரம் இரட்டித்துக் கோட்டாறு என வரும். வளைந்து செல்லும் ஆற்றின் பக்கத்தே அமைந்த ஊர் எனக் கொள்ளுதல் பொருந்தும். ஊர்ப்பெயர் ஆற்றினால் வந்தது. ஊர்ப்பெருமை வாணிகத்தால் வந்தது.

இவ்வூரின் பெயர் கடல்கடந்தும் பரவியிருந்தது. கி. பி. இரண்டாம் நூற்றாண்டில் நிலநூல் எழுதிய தாலமி என்பார், ஆய் நாட்டில் கொட்டியாரா என்னும் தலைமை நகர் ஒன்று இருந்ததாகக் குறிப்பிடுகின்றார். அது கோட்டாறே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. வாணிகர் வாய்மொழியாகச் சென்ற பெயர் எழுத்தில் ஏறிற்றுப் போலும்.

செல்வம் உள்ள இடத்தைப் பகையும் நாடும். பாண்டியரும் சேரரும் ஆய்மன்னரும் சோழரும் வேணாட்டரசரும் இப்பகுதியைக் கைக்கொள்ள மாறிமாறிப் போரிட்டனர். முதற் குலோத்துங்கனுடைய மெய்க்கீர்த்தி கோட்டாற்று வெற்றியைப் பேசுகின்றது. அம்மன்னன் இங்கு நிலைப்படை ஒன்றையும் நிறுத்தினான். ஆரல்வாய்மொழியாகிய வாயிலைக் காப்பதற்கு வேந்தர்கள் மதில்கள் அமைத்ததும் இக்காரணம் பற்றியே. 1809-ஆம் ஆண்டில், வேலுத்தம்பித் தளவாய் ஆங்கிலேயரை எதிர்த்தெழுந்த காலத்து, கும்பினிப்படை அம்மதிலைக் கடந்தே திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. வாணிகர் சென்ற வழியிலேயே படைகளும் சென்றன என்பதை வரலாறு பலவிடத்தும் காட்டும்.

ஆனால், ஒன்று கருதுக. வேந்தர்கள் மாறினர், கொடிகள் மாறின, பதினெட்டாம் நூற்றாண்டில் திருவிதாங்கூர்த் தலைமையிடம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறிற்று. கோட்டாற்று அங்காடி மாத்திரம் மாறவில்லை. மும்முடிச்சோழநல்லூர் என்னும் பெயர் கல்லில் நின்றுவிட்டது. கோட்டாறு என்னும் பெயரே மக்கள் நாவில் நின்றது. வென்றவர் சூட்டிய பெயரைவிட, கொள்வோரும் கொடுப்போரும் வழங்கிய பெயரே நிலைபெற்றது.

திருவிதாங்கூர் அரசின்கீழ்க் கோட்டாறு எல்லைப்புற அங்காடியாய் இருந்தது. ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி. மேற்கே மன்னராட்சிப் பகுதி. எல்லை கடக்கும் சரக்குகளுக்குச் சுங்கம் கொள்ளும் வழக்கம் இருந்தது. 1865-ஆம் ஆண்டில் ஆங்கில அரசும் திருவிதாங்கூர், கொச்சி அரசுகளும் செய்துகொண்ட உடன்படிக்கையால் அத்தடைகள் பெரிதும் நீங்க, வாணிகம் தழைத்தது. பின்னர், மார்சல் நேசமணி முதலியோர் முன்னின்று நடத்திய இயக்கத்தின் பயனாக, 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. அன்று எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து நீங்கிக் களியக்காவிளைக்கு மாறிற்று. கிழக்குவாயில் திறந்தது, மேற்குவாயிலில் எல்லை வந்தது. கேரளத்துக்குச் செல்லும் சரக்குகள் அங்குத் தணிக்கைக்கு நிற்கலாயின. 2017 சூலை 1-ஆம் நாள் நாடு முழுமைக்கும் ஒரே சரக்கு சேவை வரி வந்தபின்னர், மாநில எல்லைகளில் இருந்த வரிச்சாவடிகள் நீங்கின. எல்லையைக் கோலிட்டவர்கள் ஆட்சியாளர்கள். அதனை நாள்தோறும் கடந்தவர்கள் வாணிகர்கள்.

இனி, அங்காடியினுள் நுழைவோம். கோட்டாற்றின் மொத்தக் கடைத்தெருவைக் கம்போளம் என்று வழங்குவர். கம்போளம் என்பது சந்தையைக் குறிக்கும் சொல். மலையாள நாட்டிலும் வழங்குவது. தெரு மிகவும் அகன்றதன்று. இருமருங்கும் பலசரக்குக் கடைகள் நெருங்கி நிற்கும். அரிசி மூடைகள் ஒருபால். மிளகாய் வற்றல் பொதிகள் ஒருபால். பருப்பும் பயறும் ஒருபால். புளியும் கருப்புக்கட்டியும் ஒருபால். எண்ணெயும் பிண்ணாக்கும் ஒருபால். மிளகாயின் நெடி மூக்கைத் துளைக்க, மல்லியின் மணம் அதனைத் தணிக்கும். தலையிற் சும்மாடு கூட்டி மூடை சுமப்போர், வழிவிடுமாறு கூவிக்கொண்டே விரைவர். சரக்கு வண்டி ஒன்று வந்து நின்றால், தெருவே நின்றுவிடும்.

பலசரக்கோடு அங்காடி முடிந்துவிடவில்லை. துணிக்கடைகளும், பாத்திரக்கடைகளும், இரும்புச் சாமான்கடைகளும், கயிறும் பாயும் விற்கும் கடைகளும் உண்டு. வேரும் பட்டையும் உலர்ந்த மூலிகையும் விற்கும் அங்காடி மருந்துக்கடைகள் உண்டு. தமிழக அரசின் ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி கோட்டாற்றில் இருத்தல் இதற்குப் பொருத்தமாய் அமைந்துள்ளது. திருமணம் வைத்த வீட்டார் சிட்டை எழுதிக்கொண்டு கோட்டாற்றுக்கு வந்தால், உப்பு முதல் கர்ப்பூரம் வரை வாங்கிக்கொண்டு திரும்பலாம்.

கோட்டாற்றுக்கு அணித்தே உள்ள வடசேரியும் வாணிகச் சிறப்புடையது. அங்குள்ள கனகமூலம் சந்தையில் காய்கறிகளும் பழங்களும் வாழைக்குலைகளும் மலிந்து கிடக்கும். செவ்வாழை, மட்டி, ஏத்தன், பாளையங்கோட்டான், இரசகதலி என இம்மாவட்டத்தில் வாழை வகைகள் பல. அவற்றுள் சிறிய, இனிய மணமுள்ள மட்டிப்பழம் 2023-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு பெற்றது. இறைவன் திருமேனிக்கும் நாட்டியம் ஆடுவோர்க்கும் உரிய அணிகளைக் கற்கள் பதித்துச் செய்யும் கம்மியர்கள் வடசேரியில் வாழ்கின்றனர். அவ்வணிகளும் நாகர்கோவில் கோயில் நகைகள் என்னும் பெயராற் புவிசார் குறியீடு பெற்றவை.

மொத்த வாணிகம் நடைபெறும் வகையை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. உழவன் விளைத்த பொருள் தரகர் வழியாக மொத்த வணிகனிடம் வருகின்றது. மொத்த வணிகன் மூடைக்கணக்கில் வாங்கி, சிற்றூர்க் கடைக்காரர்க்கு விற்கின்றான். சிற்றூர்க் கடைக்காரன் நூறு கிராமும் இருநூறு கிராமுமாகக் குடிமக்களுக்கு விற்கின்றான். இச்சங்கிலியில் கைப்பணம் எல்லாவிடத்தும் உடனே கைம்மாறுவதில்லை. சிற்றூர்க் கடைக்காரன் சரக்கை இன்று கொண்டுபோய், விற்று, அடுத்தமுறை வரும்போது பணம் தருவான். அவன் ஊரிலும் கூலிவேலை செய்வோர் வாரக்கடைசியிற் பணம் தருவர். ஆகவே, மூடை மூடையாகச் சரக்குச் செல்வது பணத்தின்மேலன்று, சொல்லின்மேல். ஒருவன் சொல் பொய்த்தால், அடுத்த வாரம் அவனுக்கு ஒரு கடையிலும் சரக்குக் கிடையாது. அங்காடியில் எழுதப்படாத சட்டம் அதுவே.

சொல்லைப்போலவே இன்றியமையாதது அளவு. முற்காலத்தில் நாழி, மரக்கால், கோட்டை என்பன முகத்தலளவைகள். பலம், துலாம், இராத்தல் என்பன நிறுத்தலளவைகள். ஊருக்கூர் இவற்றின் அளவு வேறுபட்டமையால், அறியாதார் ஏமாற்றமுற இடமிருந்தது. 1956-ஆம் ஆண்டில் நாடு முழுமைக்கும் ஒரே எடையளவை முறையை வகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதன்பின் கிலோகிராமும் லிட்டரும் மீட்டரும் வழக்கிற்கு வந்தன. எழுத்தறியாக் கிழவியும் கற்றறிந்த வழக்கறிஞரும் ஒரே படிக்கல்லினால் நிறுத்து வாங்கும் உரிமை பெற்றனர். திருவள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்துள்ளார். வாங்குவோன் நலத்தையும் தன்னலம்போலக் கருதுக என்பதே அவர் கருத்து. தராசின் நாவும் நீதிபதியின் நாவும் ஒருபாற் கோடலாகாது என்பதை அவ்வதிகார வைப்பு முறையே உணர்த்திவிடுகின்றது.

பலரும் கூடும் இடமாதலின், கோட்டாறு பல சமயத்தாரும் வாழும் ஊராய் விளங்குகின்றது. சவேரியார் 1544-ஆம் ஆண்டளவில் இப்பகுதியில் தொண்டாற்றினார். அவர் பெயரால் அமைந்த பேராலயத்தின் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் பல்லாயிரவர் கூடுவர். 1930-ஆம் ஆண்டில் ஏற்பட்ட கோட்டாறு மறைமாவட்டத்துக்கு அதுவே தலைமை ஆலயம். இளங்கடையிலும் இடலாக்குடியிலும் பள்ளிவாசல்கள் விளங்குகின்றன. இடலாக்குடியிற் பிறந்தவரே சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர். 1874-இல் தோன்றி 1950-இல் மறைந்த இப்பெரும்புலவர், சீறாப்புராணத்துக்கு உரை வகுத்தவர். 1907-ஆம் ஆண்டில் சென்னையில் நூறு செயல்களில் ஒருங்கே கருத்தூன்றும் சதாவதானம் நிகழ்த்தி வியப்புறுத்தியவர். கம்பன் கவியிலும் தோய்ந்த அப்பாவலரை எல்லாச் சமயத்தாரும் தம்மவர் என்றே போற்றினர். ஒரே கடையில் அடுத்தடுத்து நின்று உப்பும் புளியும் வாங்குவோர், ஒருவரையொருவர் அயலாரென்று எண்ணுதல் அரிது.

இக்காலத்தில் கோட்டாற்றின் நிலை யாது? 1979-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு இருப்புப்பாதை அமைந்தது. 1981-ஆம் ஆண்டில் திருநெல்வேலியிலிருந்து வரும் பாதை ஆரல்வாய்மொழி வழியாக அதனோடு சேர்ந்தது. இரு பாதைகளும் கூடும் நாகர்கோவில் சந்திப்பு நிலையம் கோட்டாற்றின் பக்கத்திலேயே உள்ளது. வண்டிப்பாதையின் கூடல் இருப்புப்பாதையின் கூடலாகவும் ஆயிற்று. நாகர்கோவில் 2019-ஆம் ஆண்டில் மாநகராட்சி ஆயிற்று. நகரம் வளர, கடைகளும் நகரின் பல பகுதிகளுக்குப் பரவின. குளிரூட்டப்பெற்ற பெருங்கடைகள் எழுந்தன. கைப்பேசியில் விரலால் தொட்டால், வேண்டிய பொருள் வீட்டுவாயிலுக்கு வந்துசேரும் காலமும் வந்தது. காளைவண்டிக்கு அமைந்த பழந்தெருவிற் பெருவண்டிகள் இயங்க இடரும் மிகுந்தது.

இவற்றைக் கண்டு, புதியன யாவும் தீயன என்று புலம்புதல் அறிவுடைமையன்று. விலைச்சீட்டு ஒட்டிய பொருளை அச்சமின்றி வாங்கலாம். நடக்கவியலாத முதியோர்க்கு வீடுதேடி வரும் பொருள் பெருந்துணை. அங்காடியும் ஒருகாலத்திற் புதுமையாய் வந்ததே. ஆயினும், இரண்டு செய்திகளை நாம் ஊன்றிக் கருதவேண்டும்.

முதலாவது, விளைநிலத்தைப் பற்றியது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்றது. இங்கு விளைந்த நெல் மேற்கே சென்று பிறர்க்கு உணவாயிற்று. இன்றோ, வயல்கள் பல வீட்டுமனைகளாகவும் தோப்புகளாகவும் மாறிவிட்டன. குளங்கள் சில தூர்ந்தன. ஆகவே, பிற மாவட்டத்தினின்றும் பிற மாநிலத்தினின்றும் அரிசி இங்கு வந்து விற்பனையாகின்றது. நெல்லை விற்ற நாடு, அரிசியை வாங்கும் நாடாயிற்று. கடையில் மூடைகள் குறையாமல் இருத்தலால் இம்மாற்றம் நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. கடை நிறைந்திருக்க, கழனி குறைந்திருத்தல் ஒரு நாட்டுக்கு நன்றன்று. மூடையின்மேல் எழுதியுள்ள ஊர்ப்பெயரைப் படித்தால், நம் நாட்டின் நிலையை நாமே அறியலாம்.

இரண்டாவது, சிறுவணிகரையும் உழைப்பாளரையும் பற்றியது. பழைய அங்காடியில் ஒரு மூடை அரிசி விலைபோவதற்குள், ஏற்றுவோர், இறக்குவோர், நிறுப்போர், தைப்போர், கணக்கெழுதுவோர், வண்டி ஓட்டுவோர் எனப் பலருக்குக் கூலி கிடைத்தது. மாலை தொடுக்கும் பெண்டிர், வாழையிலை விற்கும் முதியோர், கூடையில் கீரை கொணர்ந்து விற்போர் ஆகிய இவர்களுக்குக் கைம்முதல் சிறிது. ஆனால் அவ்வொரு நாள் விற்பனையே அன்றைய உணவு. பெருங்கடையில் விலை கேளாது பணம் கொடுத்துவிட்டு, கீரைக்கட்டுக்கு மாத்திரம் பேரம் பேசுவது நம்மிற் பலர்க்கு வழக்கமாகிவிட்டது. விலை கேட்டலும் குறைத்தலும் வாங்குவோன் உரிமைதான். ஆனால் கொடுப்போன் பிழைக்கவேண்டும் என்னும் எண்ணமும் வாங்குவோனுக்கு உரியதே. நடுவுநிலைமை விற்போனுக்கு மட்டும் விதித்த அறமன்று.

மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு சந்தை இருக்கும். அடுத்தமுறை அங்குச் செல்லும்போது, வாங்கும் பொருளோடு நான்கு கேள்விகளையும் எடுத்துச் செல்லுங்கள். இப்பொருள் எந்த ஊரில் விளைந்தது? எவ்வழியாக இங்கு வந்தது? நான் கொடுக்கும் பணத்தில் விளைவித்தவனுக்கு எவ்வளவு செல்லும்? பத்தாண்டுக்கு முன் இப்பொருள் எங்கிருந்து வந்தது? விற்போரைப் பணிவோடு கேட்டால், அன்போடு விடை சொல்வர். அவ்விடைகளை ஒரு சுவடியில் எழுதிவையுங்கள். நிலநூலும் வரலாறும் கணக்கும் பொருளியலும் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் உங்களுக்குக் கைவரும்.

சோழன் நிறுத்திய நிலைப்படை கோட்டாற்றில் இன்று இல்லை, சுங்கச்சாவடிகளும் இல்லை. கிழக்குநிலத்து மிளகாயும் மேற்குநிலத்துத் தேங்காயும் சந்திக்கும் கடைத்தெரு இன்றும் இருக்கின்றது. அதனை இதுகாறும் காத்துவந்தவை படைக்கலங்கள் அல்ல. நேர்நின்ற தராசும், பொய்யாத சொல்லுமே. அவ்விரண்டும் இனியும் நிலைபெறுமாயின், கடையின் உருவம் எவ்வாறு மாறினும் அங்காடி அழியாது. அவற்றைக் காக்கும் பொறுப்பு விற்பவர்க்கும் வாங்குபவர்க்கும் ஒப்ப உரியதாகும்.

வினாக்கள்

1. ஆரல்வாய்மொழிக் கணவாயின் இருபுறத்து நிலங்களும் எவ்வாறு வேறுபடுகின்றன? அவ்வேறுபாடு அங்காடி தோன்றக் காரணமானது எங்ஙனம்?

2. கோட்டாற்றின் பழமையைக் காட்டும் சான்றுகள் யாவை?

3. 'சரக்குச் செல்வது பணத்தின்மேலன்று. சொல்லின்மேல்' — இதனை விளக்குக.

4. நெல்லை விற்ற நாடு அரிசியை வாங்கும் நாடானது எவ்வாறு? இதுபற்றி உம் கருத்தை ஒரு பத்தியில் எழுதுக.

5. உம் ஊர்ச் சந்தையைப் பற்றி இருபது வரிகளில் ஒரு கட்டுரை வரைக.